பெட்டிக்குள் அடங்காத மாத்திரை

வலைப்பக்கம் வடிவமைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் முன் உட்காருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பெங்களூரில் நான் பார்த்த சேலத்துப் பெண் முதலில் பென்சிலைத்தான் எடுத்தார். வெள்ளைத்தாளில் ஒரு செவ்வகம். அதற்குள் மேலே ஒரு பட்டை, நடுவில் நாலு கட்டம், படம் வரவேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. எங்கள் பத்திரிகை ஆபீசில் பக்கத்துக்கு 'டம்மி' போடுவார்களே, அதேதான். அவர்கள் அதை ஒயர்ஃப்ரேம் என்கிறார்கள்.

தாளில் சம்மதம் கிடைத்த பிறகுதான் திரை. அங்கே கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு பத்திகளாகப் பக்கத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டை இரண்டாகவும் மூன்றாகவும் நாலாகவும் வகுக்கலாம் என்பது வசதி. முதலில் சாம்பல் நிறக் கட்டங்கள். வண்ணமும் எழுத்துருவும் கடைசியில். முன்பே வண்ணம் பூசிக் காட்டினால் வாடிக்கையாளர் நீலத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவாராம். ஏதன் மார்க்காட் 2010இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஒரே பக்கம் பெரிய திரையிலும் கைபேசியிலும் தானாக மடங்கி விரிய வேண்டும் என்பது விதியாகிவிட்டது.

கட்டம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாயிருக்காது. எனவே 'லோரெம் இப்சம்' என்று தொடங்கும் லத்தீனைக் கொட்டுகிறார்கள். கி.மு. 45இல் சிசரோ எழுதிய நூலைச் சிதைத்து உண்டாக்கிய, அர்த்தமில்லாத வாசகம் இது. 1960களில் லெட்ராசெட் தாள்களிலும் 1980களில் பேஜ்மேக்கரிலும் ஏறி உலகம் சுற்றியது. மூலத்தில் அந்த முதல் சொல் 'டோலோரெம்'. வலி என்று பொருள். தலை போய் 'லோரெம்' ஆகிவிட்டது.

என் வேலை கடைசியில் வந்தது. அது ஒரு மருத்துவச் சேவை நிறுவனத்தின் பக்கம். லத்தீனும் ஆங்கிலமும் கச்சிதமாக உட்கார்ந்த கட்டங்களில் தமிழை ஊற்ற வேண்டும். ஆங்கிலப் பக்கத்தின் அளவுக்குத் தமிழை நறுக்கிப் பழகிய கைதான் என்னுடையது, பெரிதாகக் கவலைப்படவில்லை. சரிபார்க்கக் கைபேசியில் திறந்தேன். மாத்திரைப் பட்டியலில் ஒன்றுக்கு எதிரே 'உணவுக்கு...' என்றிருந்தது. அடுத்ததற்கும் 'உணவுக்கு...'. ஒன்று முன், மற்றது பின். 'ஆஃப்டர் ஃபுட்' அடங்கிய கட்டத்தில் அடங்காததை இயந்திரம் மூன்று புள்ளி வைத்து விழுங்கிவிட்டது. 'உணவுக்குப்' என்பதன் ஒற்றாவது மிஞ்சியிருந்தால் அடுத்து வருவது 'பின்' என்று ஊகிக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்த நோயாளிக்கு மட்டும் பயன்படும் வைத்தியம்!

"ரெண்டே வார்த்தைதானே சார், சுருக்க முடியாதா?" என்றார் அந்தப் பெண்.

முடியும். 'உண்டபின்', 'உண்ணுமுன்'. என் மனசும் ஒரு நிமிடம் அதில் மயங்கத்தான் செய்தது. ஆனால் எந்த மருந்துக்கடையில் 'உண்டபின் போட்டுக்குங்க' என்கிறார்கள்? கண் மங்கிய எழுபது வயதுக்காரர் தடுக்கி விழும் சொல்லை, கட்டத்துக்காக எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை. கட்டத்தை மாற்றுங்கள் என்றேன். வாடிக்கையாளர் ஒப்புதல் தந்தாகிவிட்டது, இனி ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றார் அவருடைய மேலதிகாரி. தள்ளிப்போனது.

அந்த வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று அவர்கள் வைக்கும் கணக்கே வேறு. 'மருத்துவமனை' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பதினொன்று என்கிறது கம்ப்யூட்டர். வரிகளுக்கு நடுவே இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'தீ'யும் கொம்பு முட்டிக்கொள்கின்றன. தமிழ்ப்பெண்தான், ஆனால் ஒயர்ஃப்ரேமில் தமிழை ஒருநாளும் ஊற்றிப் பார்த்ததில்லையாம். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வேலைக்கு, கோடு போடும் முன்பே போன் செய்தார். "சார், உங்ககிட்ட இருக்கிறதிலேயே நீளமான வார்த்தைகளை அனுப்புங்க." நாற்பது அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பிய தாளின் புகைப்படத்தில், பென்சிலால் முதலில் எழுதியிருந்தது 'உறுதிப்படுத்தப்பட்டது'. பிறகுதான் அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தார்.