பொருத்து வீடும் நமது வளவும்

அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் கொடிகாமத்திலிருந்து முகமாலை வரை இன்றும் உண்டு. தகரக் கொட்டிலில் மழைக்காலத்தைக் கழிக்கும் குடும்பம், "பொருத்து வீடென்றாலும் தரட்டும், எப்படியாவது ஒரு கூரை வேண்டும்" என்று சொல்வதை நாம் குறை கூற முடியாது. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பாகங்களை முன்கூட்டியே செய்து வைத்துப் பின்னர் பொருத்துவது நமக்குப் புதிதல்ல. தென்மராட்சிப் பெண்கள் தென்னோலையை ஊறவைத்து, ஒரே அளவில் கிடுகு பின்னி அடுக்கிவைக்க, அவற்றை வாங்கி ஒரு பகலில் வீடு வேய்ந்தவர்கள் நாம். கிணற்று வளையம், சீமெந்து யன்னல் நிலை, லிண்டல் எல்லாமே அந்த வகைதான். இவற்றைச் செய்பவர் ஊரில் இருந்தார். உடைந்தால் மாற்றவும் அவரே வந்தார். ஆகவே, பொருத்துவது நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அந்தப் பாகம் எங்கிருந்து வருகிறது, பழுதானால் யார் கையில் அது இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

2015 இல் மீள்குடியேற்ற அமைச்சு வடக்கு, கிழக்குக்கென 65,000 உருக்கு வீடுகளை அறிவித்தது. ஆர்செலர் மிட்டல் என்ற பன்னாட்டு உருக்குக் கம்பனி அவற்றை அமைக்க இருந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், உரிமையாளரே முன்னின்று கட்டிய கல்வீட்டுக்குக் கிடைத்த உதவி 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அந்தத் தொகை போதாமல் நகையை அடகு வைத்தவர்களும், இன்றுவரை கடன் கட்டுபவர்களும் நம்மிடையே உள்ளனர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஏறக்குறைய நான்கு மடங்கு பணம் கையில் இருந்திருந்தால், கடனே இல்லாமல் எத்தனை கல்வீடுகள் எழுந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் பார்க்கலாம்.

உருக்கு வீட்டில் சூரிய மின்தகடும் காஸ் அடுப்பும் இருக்கும் என்றார்கள். காஸ் தீர்ந்த பிறகு? காவோலையும் பொச்சுமட்டையும் எரிக்கும் விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் அதில் ஒழுங்கான இடமில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. அத்திவாரத்தின் உறுதி குறித்தும், துருப்பிடித்தல் குறித்தும் பொறியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். தென்மராட்சிக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல்நீரேரி. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைப் பழைய சைக்கிள் வைத்திருப்பவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றிலும் நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நமது வீடுகள் வளரும் வீடுகள். முதலில் ஓர் அறையும் விறாந்தையும். வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடம் ஒரு குசினி. மகளின் கலியாணத்துக்கு முன் இன்னோர் அறை. சீமெந்துக்கல் சுவரை ஊர் மேசன் இடித்துக் கதவு வைப்பார். தொழிற்சாலையில் அளந்து செய்த சுவரில் அவர் கைவைக்க இயலாது. கட்டுமானக் கூலியும் அவருக்கோ தச்சருக்கோ கல்லரிபவருக்கோ போகாமல் ஊரைவிட்டு வெளியேறிவிடும்.

மக்களும் சிவில் அமைப்புகளும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்ததால் அத்திட்டம் 6,000 வீடுகளாகச் சுருங்கி, ஈற்றில் கைவிடப்பட்டது. 2018 இல் சீனக் கம்பனியொன்று கொங்கிறீற் பலகைகளால் 40,000 வீடுகள் அமைக்க முன்வந்தபோதும், கல்வீடே வேண்டும் என்று மக்கள் சொன்னதால் அதுவும் தடைப்பட்டது. உதவி பெறுபவருக்கும் வாய் உண்டு என்பதை அதிகாரிகள் அந்த மூன்று ஆண்டுகளில் இருமுறை கேட்டார்கள்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் கேட்போம். மணல் கிடைப்பது அரிது. கூரைக்குப் பனை தறித்துத் தறித்து வடலிதான் மிச்சம். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கானது. அவசரத்துக்குப் பொருத்துக் கட்டடம் உதவும் என்பதும் உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியா பத்து வருடப் பாவனைக்கென 1,50,000க்கும் மேற்பட்ட பொருத்து வீடுகளை அமைத்தது. அவற்றுட் சில ஐம்பது வருடங்களைத் தாண்டியும் நின்றன. ஆனால் அங்கே தற்காலிகம் என்று சொல்லியே கொடுத்தார்கள். நமக்கோ நிரந்தர வீடு என்று சொல்லப்பட்டது.

ஆகவே பாடசாலைக்குத் தற்காலிக வகுப்பறையோ வெள்ளத்துக்குப் பின் சில மாதத் தங்குமிடமோ பொருத்துக் கட்டடமாக வந்தால் நாம் மறுக்கவேண்டியதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு, ஊருக்குள்ளேயே கல் அரிந்து, லிண்டலும் யன்னல் நிலையும் கூரைத் தீராந்தியும் கொங்கிறீற்றில் வார்த்து, பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் ஒழுங்கை அபிவிருத்திச் சங்கங்கள் முயன்று பார்க்கலாம். பனையும் தப்பும், கூலியும் ஊரில் நிற்கும்.

இனி எவராவது படத்தோடு வந்து பொருத்து வீடு தருகிறோம் என்றால், கையொப்பம் இடுமுன் கேளுங்கள்: இது எத்தனை வருடம் நிற்கும், அதை எழுத்தில் தருவீர்களா? சுவர் பழுதானால் பலகை எங்கே வாங்குவது? பக்கத்தில் ஓர் அறை இறக்கலாமா? இதே பணத்தை எங்கள் கையில் தந்தால் என்ன? பதிலைச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்லி, கூட்டக் குறிப்பில் பதிந்துகொள்ளுங்கள்.