சட்டசபையின் வாயிலா, ஷெரீபின் வாயிலா?

சட்டத்தை இயற்ற அதிகாரமுள்ளவர் யார், அதைச் செல்லாதென்று தள்ள அதிகாரமுள்ளவர் யார், தள்ளாமலும் மாற்றாமலும் அமுலுக்கு வரவிடாமல் நிறுத்திவைக்க எவருக்கேனும் அதிகாரம் உண்டா என்னும் மூன்று கேள்விகளும் ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களை முன்னிட்டுச் சில வருஷங்களாகவே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை வெளிப்படை: சட்டசபை இயற்றுகிறது, நீதிஸ்தலம் தள்ளுகிறது. மூன்றாவது கேள்வி வரும்பொழுதுதான் ஜில்லாவின் போலீஸ் அதிகாரியான ஷெரீப் முன்வந்து, அந்த அதிகாரம் தமக்கு உண்டென்று சாதிக்கிறார். 2013-ல் கொலராடோவிலும் நியூயார்க்கிலும் பல ஷெரீபுகள் இவ்விதம் பேசினர். 2023-ல் இல்லினாயிலும் பேசினர். ஆயினும் 2019-ம் வருஷக் கடைசியிலும் 2020-ன் தொடக்கத்திலும் வெர்ஜீனியா மாகாணத்தில் நடந்தவைதான் இவ்விஷயத்தில் நமக்கு மிகுந்த படிப்பினை தருவன. ஏனெனில், தமக்குப் பிடியாத மசோதாவை எதிர்த்த அம்மாகாணத்து ஜனங்கள் ஏககாலத்தில் இரண்டு வாயில்களைத் தட்டினார்கள். ஒன்று திறந்தது, மற்றொன்று திறந்ததுபோல் தோன்றிற்று.

நடந்த சங்கதிகளை முதலில் கூறுவோம். 2019 மே 31-ந் தேதி வெர்ஜீனியா பீச் நகர சர்க்கார் கட்டடமொன்றில் ஒருவன் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். கவர்னர் ரால்ப் நார்த்தம் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி ஆலோசிப்பதற்காக ஜூலை 9-ந் தேதி சட்டசபையின் விசேஷக் கூட்டத்தைக் கூட்டினார். அப்பொழுது பெரும்பான்மை வகித்த ரிபப்ளிகன் கட்சியினர் சுமார் தொண்ணூறு நிமிஷங்களில் சபையை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கவர்னர் கூட்டிய சபையில் விவாதமே நடவாமற்போனதை ஜனங்கள் மறக்கவில்லை போலும். நவம்பர்த் தேர்தலில் டிமாக்ரட் கட்சியார் ஸெனேட்டில் 21-க்கு 19 என்றும், கீழ்ச் சபையில் 55-க்கு 45 என்றும் இரு சபைகளையும் கைப்பற்றினர். துப்பாக்கிச் சட்டம் நிச்சயம் வரப்போகிறதென்பது அன்றிரவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

உடனே கிராமாந்தர ஜில்லாக்களில் ஒரு கிளர்ச்சி மூண்டது. மாகாணத்தின் 95 ஜில்லாக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் நிர்வாக சபைகள், தங்கள் ஜில்லா துப்பாக்கி உரிமைக்குப் புகலிடம் என்றும், அரசியல் நிர்ணயச் சட்டத்துக்கு விரோதமென்று தாங்கள் கருதும் சட்டங்களை அமுல் நடத்தத் தங்கள் பணத்தைச் செலவிடோம் என்றும் சில வாரங்களுக்குள் தீர்மானங்கள் நிறைவேற்றின. நகரங்கள் சிலவும் சேர்ந்துகொண்டன. "புகலிடம்" என்ற இந்த வார்த்தையே இரவல் வாங்கினது. அனுமதிச்சீட்டின்றிக் குடியேறிய அயல்நாட்டாரைப் பிடித்துக் கொடுக்க மறுத்த நகரங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. 2018-ல் இல்லினாயிலுள்ள எபிங்ஹாம் ஜில்லா அதைத் துப்பாக்கிக்காரர்களுக்கு மாற்றிவிட்டது. முன்னதைக் கண்டித்தவர்கள் பின்னதை மெச்சினார்கள்; முன்னதை மெச்சினவர்கள் பின்னதைக் கண்டித்தார்கள். கட்சிப் பற்று தலைக்கேறினால் நியாயமும் கட்சி மாறும் போலும்!

சட்டப்படி இத்தீர்மானங்களுக்கு மதிப்பு என்ன? மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் 2019 டிசம்பர் 20-ந் தேதி எழுதிய அபிப்பிராயத்தில் அவற்றுக்குச் சட்ட பலம் ஏதுமில்லை என்று கூறிவிட்டார். வெர்ஜீனியாவில் ஜில்லா சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் மாகாணச் சட்டசபை கொடுத்த அதிகாரமன்றி வேறு அதிகாரம் கிடையாது என்பது நெடுநாளைய சட்டக் கோட்பாடு. கொடுத்தவரின் கட்டளையைக் கொடுக்கப்பட்டவர் ரத்துச் செய்ய முடியாது. ஷெரீபுகளோ, தாங்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எவருடைய வேலையாட்களும் அல்லர் என்று வாதித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பது உண்மையே. 1997-ல் பிரிண்ட்ஸ் வழக்கில் ஐக்கிய நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பையும் அவர்கள் துணைக்கழைத்தார்கள். அதில், துப்பாக்கி வாங்குவோரின் பூர்வோத்தரங்களை விசாரிக்கும்படி உள்ளூர்ப் போலீஸ் அதிகாரிகளுக்கு மத்திய சர்க்கார் கட்டளையிட முடியாதென்று ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இத்தீர்ப்பை மேடைகளில் எடுத்து முழக்கினவர்கள் அதை முழுவதும் படித்தார்களோ இல்லையோ, அறியோம். மாகாணத்தின் உத்தியோகஸ்தனை மத்திய சர்க்கார் ஏவக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மாகாணமே தன் உத்தியோகஸ்தனை ஏவக்கூடாது என்று அதில் ஓரெழுத்தும் இல்லை. போதாக்குறைக்கு, வெர்ஜீனியா ஷெரீபுகளின் சம்பளத்தில் பெரும்பங்கு மாகாணக் கஜானாவிலிருந்தே செல்லுகிறது.

மனச்சாட்சிக்கு விரோதமான சட்டத்தை மறுக்கும் உரிமையைப் பற்றி நமது நேயர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. பிரஜை மறுத்தால் சிறைக்குப் போகிறான். உத்தியோகஸ்தன் மறுத்தால் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டுத் தெருவில் வந்து நிற்கிறான். ஒத்துழையாமை இயக்க நாட்களில் நம் நாட்டில் அவ்விதம் நின்றவர்கள் உண்டு. சம்பளத்தையும் சின்னத்தையும் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு, சட்டப் புஸ்தகத்தில் தமக்குப் பிடித்த பக்கத்தை மாத்திரம் திறப்பேன் என்பது சத்தியாக்கிரகமன்று, அது சிற்றரசாட்சி. இன்று துப்பாக்கிச் சட்டத்தை மறுக்கும் ஷெரீப், நாளை வேறொரு சட்டத்தை மறுத்தால், அப்பொழுது பாதிக்கப்படுகிறவர்கள் எந்த முகத்தோடு முறையிடுவார்கள்? வெர்ஜீனியாவுக்கு இது புதிதுமன்று. நீக்ரோக் குழந்தைகளை வெள்ளையர் குழந்தைகளோடு சேர்த்துப் படிப்பிக்க வேண்டுமென்று 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தபின், அதற்கு இணங்காமல் அம்மாகாணத்தின் பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லா 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டது. ஐந்து வருஷம்! "எங்கள் ஜில்லாவில் இச்சட்டம் நடவாது" என்னும் கோஷத்தின் பழைய கணக்கு அது.

கல்பெப்பர் ஜில்லாவின் ஷெரீப் ஸ்காட் ஜென்கின்ஸ் என்பவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சட்டசபை எல்லை கடக்குமானால் ஆயிரக்கணக்கான ஜனங்களைத் தமது உதவி அதிகாரிகளாகப் பிரமாணம் செய்வித்து அவர்கள் துப்பாக்கிகளைக் காப்பேன் என்று 2019 டிசம்பரில் அறிவித்து, தேசமெங்கும் புகழ் பெற்றவர் இவர். 2023-ல் தேர்தலில் தோற்றார். துணை அதிகாரிச் சின்னங்களைக் கொடுப்பதற்காக 75,000 டாலருக்கு மேல் லஞ்சம் வாங்கினார் என்று 2024 டிசம்பரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியாக்கினர். 2025 மார்ச்சில் பத்து வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மே மாதம் ஜனாதிபதி டிரம்ப் மன்னித்து விடுதலை செய்தார். எல்லா ஷெரீபுகளும் இத்தகையோர் என்று நாம் சொல்லவில்லை, அது பொய்யாகும். ஆனால் சட்டம் எது என்பதை ஓர் ஆளின் சித்தத்துக்கு விட்டுவிட்டால், சின்னத்தின் விலையும் அவருடைய சித்தத்தைப் பொறுத்ததாகிவிடக் கூடும்.

இனி மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். துப்பாக்கி வைத்திருந்தோரின் அச்சம் முழுவதும் கற்பனையன்று. டிமாக்ரட் தலைவர் ஸெனேட்டர் ஸாஸ்லா முதலில் தாக்கல் செய்த மசோதா, யுத்தக் களத்துத் துப்பாக்கியை ஒத்த சில வகைகளை விற்பதை மாத்திரமன்றி, வைத்திருப்பதையே பெருங்குற்றமாக்கிற்று. முறைப்படி பணம் கொடுத்து வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் விவசாயி ஒருவன் மறுநாட் காலையில் குற்றவாளியாக எழுந்திருப்பான் என்றால், அவன் கூச்சலிடுவதில் வியப்பென்ன? அக்கூச்சல் சபைக்குள் கேட்டது. ஏற்கெனவே வைத்திருப்போருக்கு விலக்களிக்கலாமென்று கவர்னர் தரப்பில் டிசம்பரிலேயே பேச்சு மாறிற்று. ஜனவரியில் ஸாஸ்லா தமது மசோதாவை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஜில்லாக்களின் தீர்மானங்கள் சட்டமாகப் பயன்படவில்லை. மகஜராகப் பயன்பட்டன. அவற்றின் நியாயமான மதிப்பும் அவ்வளவே, அது சொற்பமுமன்று.

2020 ஜனவரி 20-ந் தேதி, மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை நாளில், தலைநகரான ரிச்மண்டில் சுமார் 22,000 ஜனங்கள் திரண்டார்கள். சட்டசபை மெம்பர்களை அவரவர் அறையிலேயே போய்க் கண்டு பேசுவதற்கென்று வருஷந்தோறும் அந்நாளை உபயோகிப்பது அங்கே வழக்கம். அவ்வருஷம் கலகம் நேருமென்று அஞ்சிய கவர்னர், அவசர நிலைமையைப் பிரகடனம் செய்து, சட்டசபை மைதானத்துக்குள் ஆயுதங்களைத் தடுத்தார். மாகாண சுப்ரீம் கோர்ட்டும் அத்தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது. அதிகாரிகளின் மதிப்புப்படி ஆறாயிரம் பேர் ஆயுதமின்றி மைதானத்துக்குள் சென்றார்கள். பதினாறாயிரம் பேர் வேலிக்கு வெளியே நின்றார்கள், அவர்களிற் பலர் தோளில் நெடுந்துப்பாக்கியோடு. கலகம் ஒன்றும் நிகழவில்லை. அதற்காகக் கூட்டத்தாரைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொடுக்கும் மனுவை மனுவென்று வாங்கிக்கொள்வதா, வேறென்னவென்று வாங்கிக்கொள்வதா? சபைக்குப் போகும் மெம்பருக்கு அந்தக் கேள்வி எழாமல் இராது.

பலன் விளைந்தது தெருவிலன்று. ஒரு கமிட்டி அறையில். விற்பனையையும், பன்னிரண்டு தோட்டாவுக்கு மேற்கொள்ளும் தோட்டாப் பெட்டிகளையும் தடுக்கும் மசோதா கீழ்ச் சபையில் 51-க்கு 48 வோட்டால் நிறைவேறி ஸெனேட்டுக்கு வந்தது. பிப்ரவரி 17-ந் தேதி ஸெனேட்டின் நீதிக் கமிட்டி அதைப் பத்துக்கு ஐந்து வோட்டால் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போட்டது. ஆளுங் கட்சியைச் சேர்ந்த டீட்ஸ், எட்வர்ட்ஸ், பீட்டர்ஸன், சுரோவெல் ஆகிய நான்கு ஸெனேட்டர்கள் எதிர்க் கட்சியோடு சேர்ந்து வோட்டளித்தார்கள். எந்தெந்தத் துப்பாக்கி தடையில் அடங்கும் என்ற விவரணமே குழப்பமென்பது சொல்லப்பட்ட காரணம். 22,000 பேர் கூட்டத்தின் முழக்கத்தைவிட அந்த நான்கு வோட்டுக்களே காரியத்தை முடித்தன. இதே சபையில்தான், அபாயகரமானவரிடமிருந்து நீதிபதியின் உத்தரவின்மேல் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம் 21-க்கு 19 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. அதுவும், தனியார் விற்பனைக்கும் வாங்குவோரைப் பற்றி விசாரணை நடத்தவேண்டும் என்ற சட்டமும், மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற வரம்பும் 2020 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தன. ஆகவே இரு தரத்தாரும் ஏதோ பெற்றார்கள், ஏதோ இழந்தார்கள்.

வெர்ஜீனியாவின் கீழ்ச் சபையில் நூறு மெம்பர்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் எண்பத்தைந்தாயிரம் ஜனங்கள். ஸெனேட்டர்கள் நாற்பது பேர். சபை இரட்டைப்படை வருஷங்களில் அறுபது நாட்களும், மற்ற வருஷங்களில் அதனினும் குறைவாகவும் கூடுகிறது. மீதி நாட்களில் மெம்பர்கள் வக்கீல்களாகவும் விவசாயிகளாகவும் வியாபாரிகளாகவும் தங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். இத்தகைய மெம்பருக்குத் தம் தொகுதியான் தன் கையெழுத்தில் எழுதுகிற கடிதம், எங்கோ அச்சடித்து ஆயிரம் பேர் பெயர் போட்டு அனுப்பும் தாளைப்போல் அன்று. அக்கடிதத்தில் மசோதாவின் எண் இருக்கவேண்டும். எந்தப் பிரிவு, எந்த வார்த்தை, அதனால் எவனுக்கு என்ன நேரும் என்பது இருக்கவேண்டும். மசோதா எந்தக் கமிட்டியில் இருக்கிறதோ, அக்கமிட்டி கூடுமுன் போய்ச் சேரவும் வேண்டும். தம் ஜில்லாவில் சட்டம் கடுமையாகவோ, பாரபட்சமாகவோ நடத்தப்படுகிறதென்று நினைக்கிறவனும், நடத்தப்படவே இல்லையென்று நினைக்கிறவனும், இருவரும் போகவேண்டிய வாசல் இதுவே. விவரணத்தைத் திருத்தவும், ஷெரீபுக்குச் செல்லும் பணத்துக்கு நிபந்தனை போடவும் சட்டசபையால் முடியும். ஷெரீபின் தாழ்வாரத்தில் பெறும் வாக்குறுதியோ அவருடைய உத்தியோக காலம் வரையில்தான். சில சமயம் அதுவரையிலுமில்லை.

சட்டம் நடத்தப்படவே இல்லை என்னும் முறையீடு எவ்வளவு பாரமானதென்பதற்குக் கொலராடோ மாகாணத்தைப் பார்க்கலாம். அங்கும் வெர்ஜீனியாவைப்போல் அபாயகரமானவரின் ஆயுதத்தை எடுத்துவைக்கும் சட்டம் 2019-ல் வந்தது; எல் பாஸோ ஜில்லாவின் சபை அவ்வருஷமே புகலிடத் தீர்மானம் செய்தது; மிக அவசரமான சந்தர்ப்பங்களிலன்றித் தமது ஆட்கள் அவ்வுத்தரவைக் கோரமாட்டார்கள் என்று ஷெரீப் அறிவித்தார். 2021 ஜூனில் வெடிகுண்டு வைப்பதாகப் பயமுறுத்தியதற்காக ஒருவன் அந்த ஜில்லாவில் கைது செய்யப்பட்டான். வழக்கு பின்னர் தள்ளுபடியாயிற்று. அவன் ஆயுதங்களைப் பற்றி இச்சட்டப்படி எவரும் உத்தரவு கோரவில்லை. 2022 நவம்பர் 19-ந் தேதி அவன் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு கேளிக்கை விடுதியில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். உத்தரவு பெற்றிருந்தால் அவ்வைந்து உயிர்களும் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நாம் சாதிக்க மாட்டோம். வக்கீல் தொழில் செய்தவன் அவ்வளவு சுலபமாகக் காரண காரியம் கட்டமாட்டான். கேட்டுப் பார்க்க ஒரு சட்டம் இருந்தது, கேட்கப்படவில்லை என்பதே விஷயம். கொலராடோ சட்டசபை 2023-ல் அச்சட்டத்தைத் திருத்தி, டாக்டர்களும் ஆசிரியர்களும் ஜில்லா வழக்கறிஞர்களும் நேரே நீதிபதியிடம் விண்ணப்பிக்கலாமென்று செய்தது. ஷெரீபின் வாயில் சாத்தியிருந்தால் வேறு வாயில்கள் திறந்திருக்கும்படி அவர்கள் செய்துகொண்டார்கள்.

வெர்ஜீனியாவிலும் விவகாரம் 2020-ல் ஓயவில்லை. தள்ளிப்போட்ட மசோதாவின் கருத்து மீண்டும் மீண்டும் சபைக்கு வந்தது. 2024 மார்ச்சில் கவர்னர் யங்கின் ஒரே நாளில் முப்பது துப்பாக்கி மசோதாக்களுக்குச் சம்மதம் மறுத்தார். 2025-லும் அவ்விதமே அந்தத் தடை மசோதாவை நிராகரித்தார். அத்தடவைகளில் தோற்றவர்கள், 2019 ஜூலையில் தொண்ணூறு நிமிஷத்தில் கதவடைக்கப்பட்டவர்களைப் போலவே, மறுபடியும் தங்கள் தொகுதி மெம்பரின் பெயரையும் கமிட்டி கூடும் தேதியையும் தேடிக்கொண்டு போனார்கள்.