எல்லையைக் கண்டதும் அறிவுதான்

மனித அறிவுக்கு எல்லை உண்டென்று மேற்கத்தியத் தத்துவமே ஒப்புக்கொண்டுவிட்டது என்ற வாதத்தை ஆன்மிகச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஹைசன்பர்க், கோடெல், ஹியூம், கான்ட் என்ற நான்கு பெயர்கள் சாட்சிக்கு வரும். ஆகவே பகுத்தறிவை நம்பிப் பயனில்லை, அதைத் தாண்டியதை அறிய வேறு வழி உண்டு என்று பேச்சு முடியும். எல்லை உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த 'ஆகவே'யைத்தான் மறுக்கிறேன். நால்வரில் ஒருவர்கூட அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

ஹைசன்பர்க்குக்கு அதிக இடம் தேவையில்லை. ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எவ்வளவு துல்லியமாக வரையறுக்கலாம் என்பதற்கு ஒரு கீழ்வரம்பு உண்டு என்பதே 1927-இல் அவர் கண்டது. அந்த வரம்பு எவ்வளவு என்று பிளாங்க் மாறிலியைக் கொண்டு கணக்கிட்டே சொல்லிவிடலாம். எதையும் அறிய முடியாது என்று அதற்குப் பொருளில்லை. ஆன்மாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கோடெல் விஷயம் நுட்பமானது. உண்மையை அறிவால் எட்ட முடியாது என்று அவர் 1931-இல் நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் நிரூபித்தது இது: முரணற்ற ஓர் அடிகோள் தொகுதி, இயந்திரம்போலச் சரிபார்க்கக்கூடிய விதிகள், இயல் எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் பேசும் வலிமை ஆகிய மூன்றும் ஓர் அமைப்பில் இருந்தால், நிறுவவோ மறுக்கவோ முடியாத கூற்று ஒன்று அதற்குள் இருந்தே தீரும். நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். பெருக்கலை விட்டுவிட்டுக் கூட்டலை மட்டும் பேசும் எண்கணிதம் முழுமையானது என்று பிரெஸ்பர்கர் 1929-இலேயே காட்டியிருந்தார். அமைப்பு முரணற்றது என்று தெரிந்தால், அதற்குள் நிறுவ முடியாத அந்தக் கூற்று உண்மைதான் என்று அதற்கு வெளியே நின்று நம்மால் காண முடிகிறது. இதை அறிவின் தோல்வி என்பதா?

இந்த முடிவை கோடெல் முதன்முதலில் வெளியிட்டது 1930 செப்டம்பரில், கோனிக்ஸ்பெர்க் நகரத்துக் கருத்தரங்கு ஒன்றில். மறுநாளே அதே ஊரில் ஹில்பர்ட், கணிதத்தில் அறிய முடியாதது என எதுவுமில்லை என்று முழங்கினார். ஒரே அமைப்புக்குள் கணிதம் முழுவதையும் அடக்கிவிடலாம் என்ற அவருடைய கனவு கலைந்தது உண்மை. கணிதம் நிற்கவில்லை. எல்லாக் கூற்றுகளுக்கும் விடை சொல்லும் பொதுவான செய்முறை இருக்க முடியாது என்று 1936-இல் நிரூபிக்கப் புகுந்த டூரிங், அந்த நிரூபணத்துக்காகவே ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். இன்றைய கணினியின் கோட்பாட்டு அடித்தளம் அதுதான்.

அடுத்து ஹியூம். இதுவரை நடந்ததை வைத்து இனி நடக்கப்போவதைத் தர்க்கத்தால் உறுதிசெய்ய முடியாது என்றார். நாளை சூரியன் உதிக்கும் என்பதற்கும் தர்க்கத்தின் உத்தரவாதம் கிடையாது. அப்படியானால் அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே என்கிறார்கள். அந்த வாதம் இடம்பெற்ற 1748-ஆம் ஆண்டு நூலில்தான் அற்புதங்களைப் பற்றிய அத்தியாயமும் இருக்கிறது. அற்புதத்தைக் கண்டதாகச் சொல்பவர் ஏமாந்தோ ஏமாற்றியோ இருப்பது அந்த அற்புதத்தைவிடவும் நம்ப முடியாததாக இருந்தாலொழிய, அந்தச் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்கிறார் அதில். முழு நிச்சயம் கிடைக்காத உலகில் சான்றுகளை எடைபோட்டே ஆக வேண்டும் என்பது அவர் நிலை. எல்லா நம்பிக்கையும் ஒரே எடை என்று அவர் சொன்னதில்லை.

கான்ட்தான் மிக அதிகமாகத் தவறாகக் காட்டப்படுபவர். 'தூய அறிவின் விமரிசனம்' 1787-இல் இரண்டாம் பதிப்புக் கண்டபோது, அறிவை விலக்கி நம்பிக்கைக்கு இடம் செய்ததாக அதன் முன்னுரையில் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உள்ளே போவதில்லை. கடவுள் இருப்பை நிறுவுவதற்கான மரபான மூன்று வாதங்களையும் அதே நூல் தகர்க்கிறது. இடம் செய்யப்பட்ட நம்பிக்கை, அறவாழ்வின் தேவையிலிருந்து அறிவே முன்வைக்கும் நம்பிக்கை. காட்சி கண்டவரின் வாக்கு அன்று. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஸ்வீடன்போர்க்கை 1766-லேயே தனி நூல் எழுதிச் சாடியவர் கான்ட். வெளியிலும் காலத்திலும் அமையும் அனுபவத்தைத் தாண்டினால் நமக்கு அறிவு இல்லை என்ற அவருடைய எல்லை, வேதாந்திக்கும் விஞ்ஞானிக்கும் ஒன்றுதான். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று விவரிக்கத் தொடங்குகிறவர், எந்த கான்ட்டைத் துணைக்கு அழைத்தாரோ அவரையே மீறுகிறார்.

வேறு வழி உண்டு என்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இருவர் ஒன்றுக்கொன்று முரணான தரிசனங்களைச் சொன்னால் யார் தீர்ப்பது? 1786-இல், அறிவுக்கு மேலாக நேரடி நம்பிக்கையை வைத்த யாக்கோபி கிளப்பிய சர்ச்சையின்போது கான்ட் தனிக் கட்டுரை எழுதி இதைப் பேசினார். முதல் சொல்லும் உரிமையை அறிவிடமிருந்து பறித்தால் வெறியும் மூடநம்பிக்கையும் உள்ளே வரும், குழப்பத்தை அடக்குவதாகச் சொல்லி அரசாங்கம் நுழையும், சிந்திக்கும் சுதந்திரமே போய்விடும் என்று எச்சரித்தார். இரண்டே ஆண்டுகளில் பிரஷ்ய அரசு மதக் கட்டளையையும் தணிக்கையையும் கொண்டுவந்தது. 1794-இல், எழுபது வயதில், மதத்தைப் பற்றி இனி எழுதக் கூடாது என்று கான்ட்டுக்கே அரச ஆணை வந்தது.