ஆடு கொடுத்தால் போதுமா?

ஆட்டைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கால்நடைப் பராமரிப்புத் துறை இருக்குமானால், அது கண்டனத்துக்குரியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு. 2021-22-ல் ஆதரவற்ற பெண்களுக்கு ஐந்து. கொடுத்த ஆடுகளுக்குக் கணக்கு உண்டு. சினை கலைந்தவை, செத்துப் பிறந்தவை, மடி தேடத் தெம்பின்றி அன்றே மாண்டவை எத்தனை? அந்தக் கணக்கு எங்கே?

குட்டி விறைத்துச் செத்தால் பனியின்மேல் பழி போடுகிறோம். பிறந்த குட்டியின் உடலில் சூடு மூட்டுவது தைராய்டு ஹார்மோன். அது சுரக்க அயோடின் வேண்டும். சுரந்த தைராக்சின் செயலுக்கு வர செலினியம் வேண்டும். ஏறக்குறைய 150 நாள் சினையில் கரு வேகமாகப் பெருப்பது கடைசி ஆறு வாரம். அப்போது தாய்க்கு அயோடின் பற்றாவிட்டால், கழுத்து வீங்கி, மயிர் அற்று, நிற்க மாட்டாத குட்டி விழும். செம்பு பற்றாவிட்டால் பின்னங்கால் தள்ளாடும்.

நெல்லுக்குத் துத்தநாகம் பற்றாது என்று ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த தாமிரபரணி வயலில் கிடை போட்டு, அந்தத் தாளையே மேயும் சினையாட்டுக்கு என்ன பரிந்துரை? கோடையில் வெட்டிப் போடும் சூபாபுல் குழையை அளவு மீறித் தின்றால், அதிலுள்ள மைமோசின் சிதைந்து தைராய்டை முடக்கும் என்பதை ஆட்டுக்காரரிடம் யார் சொன்னார்கள்? தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தொட்டியில் விழும் மலிவான கல்லுப்பில் அயோடின் சேர்ப்பதில்லை.

விவரம் தெரியாதவர் மாட்டுக்கான தாது உப்புக் கலவையை வாங்கி வைத்தால் ஆபத்து வேறு. மாடு தாங்கும் செம்பைச் செம்மறி தாங்காது. ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போய், கண் மஞ்சளித்து ஆடு சாயும்.

திருநெல்வேலி மாவட்டம் இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. மாவட்டத்தில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவு கிடைக்குப் போய்ச் சேராததுதான் குற்றம்.

துறை உடனே செய்ய வேண்டியவை நான்கு. செம்மறிக்கென்றே செம்பு அளவறிந்து தயாரித்த தாது உப்பு, சினையின் கடைசி இரண்டு மாதத்துக்கு, கால்நடை மருந்தகங்களில் மானிய விலையில் கிடைக்க வேண்டும். ஆற்றுப் படுகை, கரிசல், தேரி என நிலம்வாரியாகச் சினையாடுகளின் ரத்தத்தையும் மேய்ச்சல் தீவனத்தையும் கல்லூரி சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். ஆடுகளுக்கு அயோடின் உப்பு தர ஏற்பாடு வேண்டும். செத்துப் பிறக்கும் குட்டிகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

2019 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் செம்மறியாடுகள் சுமார் 45 லட்சம். அவற்றை நம்பிப் பிழைப்பவர்களில் பலர் வட்டிக்குக் கடன் வாங்கி ஆடு வளர்ப்பவர்கள். ஒரு குட்டி போனால் ஒரு தவணை போயிற்று. அடுத்த பிசான அறுவடைக்குள் ஆணை வர வேண்டும். வராவிட்டால், அதன்பின் சாகும் குட்டிகளுக்குப் பனியைக் காரணம் காட்டத் துறைக்கு உரிமை இல்லை.