இணையத்தில் உலகம் இருக்கிறது. எங்கள் கிணறு எங்கே?

விஞ்ஞானம் கற்கும் மாணவனுக்கு இன்று இணையம் திறந்து வைத்திருக்கும் வாயில்கள் ஒரு தலைமுறைக்கு முன்னர் பேராசிரியர்களுக்கும் எளிதில் கிட்டாதவை. உலகின் எந்த மூலையிலேனும் பூமி பலமாக அதிர்ந்தால், அதன் இடம், ஆழம், அளவு ஆகியவற்றை அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனம் சிறிது நேரத்திலேயே தனது தளத்தில் எவரும் பார்க்கத்தக்கதாகப் பதிந்துவிடுகிறது. நாசா நிறுவனம் 1999 ஆம் ஆண்டிலேயே செய்மதிப் படங்களை விளக்கங்களோடு பொதுமக்களுக்குத் தரத் தொடங்கியது. 2005 இல் வந்த கூகிள் ஏர்த், பூமி உருண்டையையே மேசைக்குக் கொண்டுவந்தது. பௌதிகவியலுக்கான நோபல் பரிசை 2001 இல் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வைமன், அடுத்த ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடக்கிய 'ஃபெற்' திட்டம், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை மாணவனும் மின்சுற்றை இணைத்துப் பார்க்கவும் ஊசலை ஆட்டிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறது. இவையனைத்தும் இலவசம்.

இவற்றைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. இத்தனை செல்வமும் வந்து குவிந்த பின்னரும், தமிழில் விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு அவன் காலடியிலுள்ள மண்ணையும் அவன் வீட்டு வாசலிலுள்ள கடலையும் விளக்கும் பாடம் இணையத்தில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதே எமது கேள்வி. இது வெறும் மொழிப்பற்றினால் எழும் கேள்வியன்று. உயிரோடு தொடர்புடைய கேள்வி.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தின் புக்கற் தீவில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த ரில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நடந்துகொள்ளும் விதம் மாறியிருப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் கற்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆழிப்பேரலை வரப்போகிறது என்று பெற்றோரிடம் அடம்பிடித்துச் சொன்னாள். கடற்கரை வெறுமையாக்கப்பட்டது, ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர். ஒரு பாடம் செய்த வேலை அது. அதன் பின்னர் உலகெங்கும் பள்ளிப் பாடங்களிலும் இணையத்தளங்களிலும் இக்கதை இடம்பிடித்தது. "கடல் பின்வாங்கினால் ஓடுங்கள்" என்ற எச்சரிக்கையும் எல்லா மொழிகளுக்கும் பரவியது.

எச்சரிக்கை சரியானதே. ஆனால், இலங்கையின் கிழக்குக் கரைக்கு அது மட்டும் போதாது. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி பிளந்தபோது, பிளவின் மேற்குப் பக்கத்தில் கடற்றரை மேலெழுந்தது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. ஆகவே கிழக்கேயுள்ள தாய்லாந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அலையின் பள்ளம். அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கேயுள்ள இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்தது அலையின் முகடு. முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருப்பவனுக்கு அந்த அறிகுறி கிடைக்காமலே போகலாம். முதல் அலைக்குப் பின்னரே தென்மேற்குக் கரையில் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. பெரலியவில் முதல் அலையினால் நின்றுபோன புகையிரதத்தைப் பாதுகாப்பான இடமென நம்பி மக்கள் அதில் ஏறினர். அதைவிடப் பெரிய அடுத்த அலை புகையிரதத்தையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். ஆழிப்பேரலை ஒன்றல்ல, பல அலைகளின் தொடர் என்பதும், முதல் அலையே பெரிய அலையாக இருக்க வேண்டியதில்லை என்பதும் எத்துணை பெறுமதியான பாடங்கள்!

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் கதியை, புவியீர்ப்பு ஆர்முடுகலையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி அதன் வர்க்கமூலத்தைக் கண்டு கணிக்கலாம். ஆழம் 4,000 மீற்றர் எனக் கொண்டால் விடை செக்கனுக்கு 200 மீற்றர். அதாவது மணிக்கு 720 கிலோமீற்றர். அதிர்வின் மையத்திலிருந்து எங்கள் கிழக்குக் கரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஆகவே சுமார் இரண்டு மணித்தியால அவகாசம் இருந்தது. சாதாரண தர மாணவன் ஒருவன் ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய இந்தக் கணக்கு, பௌதிகவியலையும் புவியியலையும் அவனது சொந்தக் கடற்கரையையும் ஒரே பாடத்தில் இணைத்துவிடுகிறது. வேறொரு நாட்டுப் பாடத்தை மொழிபெயர்த்தால் அந்நாட்டுக் கடற்கரைதான் நமக்குக் கிடைக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, அங்குள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தினால், கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்க முடியும். நெதர்லாந்தையும் ஜேர்மனியையும் சேர்ந்த கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. அளவுக்கு மீறி நீரிறைத்து நன்னீர்மட்டத்தை 1 மீற்றர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் வரை மேலேற இடமுண்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எங்களூர்ப் பிள்ளைகள் கதையாகக் கேட்டிருக்கிறார்கள். அடர்த்தி என்ற பாடத்தின் மிகச் சிறந்த ஆய்வுகூடம் அந்தக் கிணறு. ஆனால் மாணவன் இணையத்தில் அடர்த்தியைத் தேடினால், கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெயும் தண்ணீரும்தான் வருகின்றன.

மலையகத்தின் கதையும் இதுவே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொணர்ந்த மழையில் மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் 100 கிலோகிராம் நீர் விழுகிறது. நீர் இறங்க இறங்க மண்ணின் நிறை கூடுகிறது. மண்துணிக்கைகளிடையே நீரின் அமுக்கம் ஏறி, அவற்றைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைகிறது. நிலத்தில் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். லயத்தில் வாழும் பிள்ளைக்கு உராய்வு விசையைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் உண்டா?

இனிக் கலைச்சொற்களுக்கு வருவோம். தமிழில் இணைய விஞ்ஞான வளங்கள் அறவே இல்லை என்பது சரியன்று. தமிழ்நாட்டிலிருந்து பாடநூல்களும் காணொளிகளும் ஏராளமாக வருகின்றன. ஆனால், இலங்கை மாணவன் அவற்றைத் திறக்கும்போது ஒரு பொறியில் கால் வைக்கிறான். இலங்கைப் பாடநூலில் 'கதி' எனப்படுவது தமிழ்நாட்டில் 'வேகம்'. இங்கே 'வேகம்' எனப்படுவது அங்கே 'திசைவேகம்'. ஆகவே, வேகத்துக்குத் திசை கிடையாது என்று தமிழகக் காணொளியில் கேட்டதை இலங்கைப் பரீட்சையில் எழுதும் மாணவன் புள்ளியை இழப்பான். அவனுக்குக் கற்பித்தவரும் பிழையாகக் கற்பிக்கவில்லை. பரீட்சகரும் பிழையாகத் திருத்தவில்லை. எங்கள் 'ஆர்முடுகல்' அவர்களின் 'முடுக்கம்'. எங்கள் 'சக்தி' அவர்களின் 'ஆற்றல்'. எங்கள் 'வலு' அவர்களின் 'திறன்'. 'ஒட்சிசன்', 'இலத்திரன்' போன்றவற்றை ஒலியைக் கொண்டேனும் ஊகிக்கலாம். ஒரே சொல் இரு கரைகளிலும் இரு பொருள் தருமிடமே ஆபத்தானது.

இந்த வேறுபாடு பகையினால் வந்ததன்று, வரலாற்றினால் வந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் கிறீன், 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவ நூல்களையும், 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலையும் வெளிக்கொணர்ந்தார். பின்னர் சுதந்திர இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகம் தனக்கெனச் சொல்லாக்கக் குழுக்களை அமைத்துத் தன் வழியில் சென்றது. இரண்டு மரபுகளும் மதிப்புக்குரியன. எவரும் எவருடைய சொல்லையும் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் இரு வழக்குகளையும் அருகருகே தந்தால் போதும். தமிழ் விக்கிப்பீடியாவின் பல கட்டுரைகள் இந்த நல்வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. பாடங்களும் பின்பற்றலாம்.

கல்வியமைச்சின் இணைய வழிக் கற்றல் தளமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் தமிழில் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் அழியாமற் காத்துவருகிறது. ஃபெற் தளத்தின் பரிசோதனைகளிற் சில தமிழிலும் இருக்கின்றன. கற்கள் வந்து சேர்ந்துவிட்டன; சுவர் எழுப்புவோர் தேவை.

அந்தச் சுவரை எழுப்பக் கூடியவர்கள் யார்? இலங்கையிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஓய்வுபெற்று வாழும் எங்கள் விஞ்ஞான, புவியியல் ஆசிரியர்கள். பொறியியலாளர்களாகவும் புவிச்சரிதவியலாளர்களாகவும் பணிபுரியும் அவர்களின் மாணவர்கள். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலைக்கு மதிலும் கணினி அறையும் கட்டிக்கொடுப்பது நற்பணிதான். அந்தக் கணினியில் மாணவன் எதைத் திறந்து படிப்பான் என்பதையும் அவர்கள் சிந்திக்க வேண்டும். கடல், கிணறு, மலைச்சரிவு, பருவமழை, சூறாவளி என்று பத்தே பத்துப் பாடங்களோடு தொடங்கலாம். ஒவ்வொன்றையும் பாடத்திட்டத்தின் அலகொன்றோடு இணைத்து, எழுதியவரின் பெயரையும் சரிபார்த்தவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். பிழை காண்பவர் திருத்தம் அனுப்பவும் வழி இருக்க வேண்டும்.

ஒரு நிபந்தனையும் உண்டு. பாடம் கனமற்றதாக இருத்தல் வேண்டும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசிச் சமிக்ஞை தேடி இந்நாட்டு மாணவர்கள் மலையேறியதையும் மரமேறியதையும் செய்திப் படங்களில் உலகமே பார்த்தது. ஒரு மணிநேரக் காணொளி அவர்களுக்கு எட்டாக்கனி. இரண்டு பக்க எழுத்தும் நான்கு கோட்டுப்படங்களும் ஒரு கணக்கும் கொண்ட கோப்பு, மலிவான கைத்தொலைபேசியிலும் இறங்கும். ஆசிரியர் ஒருவர் அதனை அச்சிட்டு நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியும்.

ரில்லி சிமித்தின் ஆசிரியர் அன்று தமது வகுப்பில் பேரதிசயம் எதனையும் நிகழ்த்தவில்லை. பாடத்திட்டத்திலிருந்த ஒரு பாடத்தைப் பிள்ளையின் மனதில் தங்கும் வண்ணம் கற்பித்தார். அதேபோன்றதொரு பாடம், எங்கள் அலையின் முகடு எத்திசையிலிருந்து வரும் என்பதையும் சொல்லி, முல்லைத்தீவுப் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும். அதனை எழுதத்தக்க அறிவு எங்களிடம் இருக்கிறது. அறிந்தவர்கள் அதைத் தம்மோடு வைத்திருக்காமல் எழுத முன்வரட்டும்.