கடுக்காய் மைக்குச் சாதி உண்டு

ஓவியம், தையல், இலை, வேர், மண் எல்லாவற்றையும் கலந்து கையாலேயே ஒரு ஸ்கெட்ச்புக் செய்யும் பயிலரங்குகள் இப்போது நம் நகரங்களில் பெருகிவிட்டன. கடுக்காயைக் கொதிக்கவைத்து மை எடுக்கிறார்கள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தாளோடு சேர்த்துத் தைக்கிறார்கள். கோரைப்புல், பனையோலை, வேப்பம்பட்டை எல்லாம் பக்கங்களில் ஏறுகின்றன. 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்கிறது விளம்பரம்.

ஸ்கெட்ச்புக் செய்வதை நான் எதிர்க்கவில்லை. நானும் வரைகிறேன், தைக்கிறேன். என் ஆய்வுக்கான களக்குறிப்புகளில் பாதி அப்படி உருவானவைதான். இந்தப் பொருட்களின் மேலிருக்கும் உழைப்பையும் சாதியையும் கழுவித் துடைத்துவிட்டு, 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடுகிறார்களே, அதோடுதான் என் சண்டை.

கடுக்காயையே எடுத்துக்கொள்வோம். அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. இரும்பு சேர்ந்தால் அது கறுக்கும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, அந்த நீரைக் கடுக்காய்ச் சாற்றில் கலந்தால் நல்ல கறுப்பு மை கிடைக்கும். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளும் இந்த வழியில் வருபவைதான். பயிலரங்கில் இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இதே டானின்தான் மாட்டுத்தோலையும் பதப்படுத்துகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆவாரம்பட்டை ஊறிய குழியில் கிடந்த தோலைக் கடுக்காய்க் கரைசலில் போட்டு எடுப்பது தமிழ்நாட்டுத் தோல் பதனிடலின் பழைய முறை.

என் தாத்தா திண்டுக்கல்லில் தோல்ஷாப்பு வேலைக்குப் போனவர். சுண்ணாம்புக் குழியிலும் பட்டைக் குழியிலும் இறங்கி நின்றவர். சாகும்வரை அவர் நகக்கண்களில் இருந்த கறை போகவில்லை. அவர் மகள் என்பதற்காகவே என் அம்மாவைப் பள்ளியில் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். 'நாத்தம் அடிக்குது' என்பார்களாம். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், 2012ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படிக்கலாம். காய் ஒன்றுதான், துவர்ப்பு ஒன்றுதான், கறையும் ஒன்றுதான். தாத்தாவின் விரலில் இருந்தபோது அது தீட்டு. கட்டணம் கட்டி வந்தவரின் விரலில் அது 'மண்ணின் நிறம்'. பொருள் மாறவில்லை, கைதான் மாறியிருக்கிறது.

தாளுக்கு வருவோம். தண்ணீர்வண்ணத்துக்கான உயர்ரகத் தாள்கள் சிலவற்றுக்கு ஜெலட்டின் பூசுகிறார்கள். வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் தாளின் மேலே நிற்பதற்காக. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு பயிலரங்கில் இந்த வகைத் தாளைத்தான் கொடுத்தார்கள். அழைப்பிதழின் அடியில், 'மதிய உணவு சைவம், அசைவம் கொண்டுவர வேண்டாம்' என்று அச்சிட்டிருந்தார்கள். மாட்டின் எலும்பு தாளாக உள்ளே வரலாம். மாட்டுக்கறி தின்கிறவரின் சோற்றுப்பாத்திரம் வரக் கூடாது! ஓலை கொண்டுவந்து கொடுத்த அம்மா, காசு வாங்குவதற்காக வாசல்படியில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே 'ஓலையோடு உரையாடுவது எப்படி' என்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவோடு உரையாட ஒருவரும் எழுந்து வரவில்லை.

அடுத்து நூல். 'தைக்கும்போது மனம் அமைதியாகிறது' என்கிறார்கள். ஆகட்டும். ஆனால் நூல் மரத்தில் காய்ப்பதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று ஆசைகாட்டி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை ஆலை விடுதிகளில் அடைத்து வைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் பெண்கள். பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு இரவு ஷிப்டில் நின்றவர்களுக்கு எந்த நூல் அமைதி தந்தது?

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: "அழிந்துவரும் கைத்தொழில்களுக்கு நாங்கள் மரியாதை வாங்கித் தருகிறோமே, அது தவறா?" தொழிலுக்கு மரியாதை கொடுத்துவிட்டுத் தொழிலாளியை வாசலில் உட்கார வைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் அப்பனின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார் பெரியார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். பின்னர் வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. தோல்ஷாப்பிலிருந்து வெளியேறுவது என் குடும்பத்துக்கு விடுதலை. அதைப் 'பாரம்பரிய அறிவின் இழப்பு' என்று புலம்புகிறவர்கள், தங்கள் பிள்ளைகளைச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பி அந்த அறிவைக் காப்பாற்றட்டும்.

"கலையிலுமா சாதியைப் பார்ப்பீர்கள்?" என்றும் கேட்பார்கள். நாங்கள் கொண்டுவந்து வைக்கவில்லை, ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறோம். ஊசியும் நூலும் உண்மை பேசிய வரலாறும் உண்டு. சிலி நாட்டில் 1973 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின், பினோசெட் ஆட்சியில் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஏழைப் பெண்கள், கிழிசல் துணிகளைச் சாக்குத்துணியில் வைத்துத் தைத்து 'அர்பியேரா' என்னும் படங்களைச் செய்தார்கள். காணாமல் போனவர்கள், சிறை, பொதுக் கஞ்சித்தொட்டி எல்லாம் அந்தத் தையலில் ஏறின. அந்தத் துணிகள் நாட்டுக்கு வெளியே போய் உலகத்திடம் சாட்சி சொன்னன. அவர்களும் பழைய துணியைத்தான் தைத்தார்கள். தங்கள் துணி யாருடையது, அவர் எங்கே போனார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

எனவே பயிலரங்கு நடத்துகிறவர்களிடமும் அதில் கலந்துகொள்ளும் நண்பர்களிடமும் நான் கேட்பது மிக எளிது. ஒவ்வொரு பக்கத்தின் பின்புறமும் நான்கு விவரங்களை எழுதுங்கள். இந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது? யார் செய்தார்? அவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்? அவர் உங்கள் வீட்டுக்குள் வர முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதக் கை தயங்கினால், பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். ஓலை கொண்டுவருகிறவரை ஒருநாள் பயிற்சியாளராக உட்காரவைத்து, மற்றப் பயிற்சியாளருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள்.

சேரியிலிருந்து படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்கெட்ச்புக் செய்ய விலையுயர்ந்த தாள் தேவையில்லை. கோடு போட்ட நோட்டு போதும். அம்மாவின் ஆலை அடையாள அட்டையின் நகல், நூறுநாள் வேலை அட்டையின் நகல், அப்பாவின் கிழிந்த வேலைச்சட்டையில் ஒரு துண்டு, உங்கள் தெருவின் மண் ஆகியவற்றைக் கொண்டு தொடங்குங்கள். உங்கள் ஊரின் வரைபடத்தைத் தையலால் போடுங்கள். தேர் வரும் தெருவுக்கு ஒரு நிறம், வராத தெருவுக்கு ஒரு நிறம். குடிநீர்த் தொட்டி எங்கே, சுடுகாட்டுப் பாதை எங்கே முடிகிறது என்று முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள். நம் வீடுகளில் ஆவணம் என்று இருப்பவை பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த சாதிச் சான்றிதழும் ரேஷன் அட்டையும்தான். நம் கை எழுதிய, நம் கை தைத்த ஆவணம் நமக்கு வேண்டும். கடுக்காய் மை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அந்தக் கறுப்பு நம் தாத்தாக்களின் நகக்கண்ணில் இருந்தது என்பதையும் அதே மையால் எழுதிவிடுங்கள்.