தகட்டுப் பொட்டியும் பச்சை ஒயரும்

மரத்துல கேம் கேபினெட் செய்யறது பழைய ஃபேஷனாம். இப்போ இரும்புத் தகடுதான் கெத்தாம். எங்க ஏரியாவுல அதுக்குக் கேக்கவே வேணாம். கும்மிடிப்பூண்டி சிப்காட், கக்களூர் சிட்கோ பக்கமெல்லாம் தகடு வெட்டி வளைக்கிற பட்டறைக்குப் பஞ்சமில்ல. படம் வரைஞ்சு குடுத்தா மடிச்சு, வெல்டு வெச்சு, பவுடர் கோட்டிங்கும் அடிச்சுத் தர ஆள் இருக்கு. பொட்டி சும்மா ஜம்முனு வரும். நான் தகட்டுக்கு எதிரி இல்லீங்க. ஆனா வீட்டுல உருப்படியான எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லேன்னா தகட்டுல செய்யாதீங்க, பிளைவுட்லயே செய்யுங்க. இதுதான் என் கட்சி.

நாமெல்லாம் காயின் போட்டு 'முஸ்தபா' ஆடினோமே (1993ல கேப்காம் விட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஆனா நம்மூர்ல அந்தப் பேரைச் சொன்னா எவனுக்கும் தெரியாது!), அந்தப் பொட்டிங்க பெரும்பாலும் மரம். உள்ளே ஒரு ஒயர் தோல் உரிஞ்சு நின்னாலும் வெளியே இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது. தகட்டுல அதே ஒயர் ஒரு வெட்டு விளிம்புல உரசினா மொத்தப் பொட்டியும் ஃபேஸ்.

பழைய கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். வெறுங்காலோட சி.பி.யூ. மேல கை வெச்சா சுர்ருன்னு இழுக்கும். டெஸ்டர் வெச்சா எரியும். எர்த் இல்லாத வீட்டுல எஸ்.எம்.பி.எஸ்.ஸோட ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா பாடிக்கு ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் வந்து நிக்கும். வர்ற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், அதனால ஆள் பொழைச்சுக்கிறான். அந்தப் பழக்கத்துல "சும்மா சுர்ருங்கும், பயப்படாதே"ன்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம். எனக்குக் கோபமே இதுலதான். அந்தச் சுர்ரு, "உன் வீட்டுல எர்த் இல்ல"ன்னு பொட்டி போடுற சத்தம். நாளைக்கு நிஜமாவே ஃபேஸ் ஒயர் தகட்டைத் தொட்டா சுர்ரோட நிக்காது. பத்து மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடிச்ச கையை விட முடியாமப் போகலாம். விளையாடுற பையன் ஒரு கையில ஜாய்ஸ்டிக், இன்னொரு கையில ஜன்னல் கம்பியப் பிடிச்சிருந்தா கரண்ட் நெஞ்சு வழியாத்தான் போகும்.

"எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே"ம்பாங்க. சரி, கணக்குப் போடுங்க. எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு வெச்சுக்குவோம். 230ஐ 20ஆல வகுத்தா பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. பொட்டி லைவாவே நிக்கும், பையன் ஆடிக்கிட்டே இருப்பான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தா அந்த இடத்துலயே கட் பண்ணிடும். எர்த்தே இல்லாத வீட்டுலயும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனா ஒரு ஆள் தொட்டு, அவர் வழியா கரண்ட் போனப்புறம்தான் விழும். எர்த் இருந்தா யாரும் தொடுறதுக்கு முன்னாடியே விழுந்துடும். வித்தியாசம் புரியுதா? இன்னொண்ணு, அதுல இருக்கிற டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியத்தான் சோதிக்கும், உங்க வீட்டு எர்த்தை இல்ல.

சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு வேலை பண்ணுவாங்க. எர்த் இழுக்க சோம்பல் பட்டு, சாக்கெட்டுக்குள்ள நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர். மல்டிமீட்டர் வெச்சா 230 அழகாக் காட்டும். என்னைக்காவது வழியில நியூட்ரல் அறுந்தா, ஃபேஸ் பொட்டிக்குள்ள சுத்தி வந்து அந்தத் துண்டு ஒயர் வழியா பாடிக்கு வந்துடும். சாக்கெட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். பார்த்துடுங்க. வள்ளூர் அனல்மின் நிலையம் 1500 மெகாவாட். அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தாத ஊர் நம்மூர்!

பொட்டியில கவனிக்க வேண்டியது. பவுடர் கோட்டிங் கரண்ட் கடத்தாது, அதனால லக் உட்கார்ற இடத்துல சுரண்டிட்டு பல் வாஷர் போட்டு முறுக்கணும். கதவுக்குக் கீல் இருக்கேன்னு விடாதீங்க, தனியா பச்சை ஒயர் ஓட்டணும். கன்ட்ரோல் பேனலுக்கும் அப்படியே. நம்ம பக்கம் உப்புக்காத்து, சுரண்டின இடம் துருப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. ஒயர் நுழையிற ஓட்டைக்கெல்லாம் ரப்பர் வளையம். பழைய பிக்சர் டியூப் டி.வி.யைக் கழட்டிப் போடுற ஆசை இருந்தா விட்டுடுங்க, ஆஃப் பண்ணினப்புறமும் டியூப்ல சார்ஜ் நிக்கும்.

இன்னும் சுலபமான வழியும் இருக்கு. ராஸ்பெரி பை, அடாப்டர்ல ஓடுற எல்.இ.டி. மானிட்டர். ரெண்டு அடாப்டரும் வெளியே சுவத்துலயே இருக்கட்டும். பொட்டிக்குள்ள 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் மட்டும் போகட்டும். அப்பவும் பாடிக்கு ஒரு எர்த் ஒயர் குடுங்க.

ஸ்டிக்கருக்கும் சன்வா ஜாய்ஸ்டிக்குக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்ற மக்கள்ஸ், கடைசியில எர்த் ஓட்டைக்குள்ள தீக்குச்சியச் சொருகி ஷட்டரைத் தூக்கிட்டு ரெண்டு பின் பிளக்கை மாட்டுறாங்க பாருங்க... அவங்க வீட்டுக்கு முஸ்தபா ஆட என்னைக் கூப்பிடாதீங்க சாமி, நான் வர மாட்டேன் :-)